மாமா, சனிக்கிழமை கிரவுண்டுக்கு வாருங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை என் சின்னவள் உங்களிடம், "தாத்தா, எனக்கு கொல்ப் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டாள். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். "நமக்கு எதுக்குப் புள்ள அது? அது காசுள்ளவங்க வெளயாட்டு" என்றீர்கள். அவள் சரி என்று எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

உங்கள் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன். தம்பி மகன் போனில் வாசித்துக் காட்டுவான். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஆடுகிறவர்களின் கொல்ப் பை சுமந்த மாமாவோ அப்பாவோ உள்ள வீடு நுவரெலியாவைச் சுற்றி நம்முடையது மட்டும் இல்லை.

28 வருடம் சுமந்தீர்கள். 1889இல் வெள்ளைக்காரர் தொடங்கிய நுவரெலியா கொல்ப் கிரவுண்டின் 18 குழிகளும் உங்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். விடியற்காலையில் பனி கிடக்கும் புல்லில் பந்து மெதுவாகத்தான் போகும், பத்து மணி வெயிலுக்குப் பிறகு அதே அடி ஆறடி தாண்டி ஓடும் என்று சொல்வீர்கள். ஈரப் புல்லில் முதல் பந்து உருண்ட கோடு அப்படியே பதிந்திருக்கும், அதைப் பார்த்தால் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிக்கலாம் என்பதும் நீங்கள் சொன்னதுதான். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பந்து வழக்கத்தைவிடத் தூரம் போகிறதே என்று ஆச்சரியப்படுவார்களாம். ஆறாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிதல்லவா. எந்த மட்டையை எடுப்பது என்று அவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பேசாமல் "செவன் அயனை" நீட்டுவீர்கள். இதையெல்லாம் நீங்கள் சொல்லி அம்மா அடுப்படியில் சிரித்துக்கொண்டே கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

அப்புறம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? தோட்டத்துப் பந்துக் கிரவுண்டில், வேலை இல்லாத நாட்களில், அடி வளைந்த கொய்யாக் கம்பை வெட்டி எங்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தீர்கள். "கவ்வாத்துக் கத்தி வீசுற மாதிரி வெட்டாத புள்ள. வாசலக் கூட்டுற மாதிரி வீசு" என்றீர்கள். அந்த ஒரு வரியில் நான் பந்தடிக்கக் கற்றுக்கொண்டேன். குழிக்கு ஒரு டின்பால் டின்னைப் புதைத்து வைத்தீர்கள். ஓடையில் பொறுக்கிய பந்து. மட்டை, குழி, பந்து எல்லாம் சேர்த்து ஒரு சதம் செலவில்லை. அன்றைக்கு அது காசுள்ளவர்கள் விளையாட்டு என்று நீங்கள் சொல்லவில்லையே, மாமா.

நான் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் படித்த ஒரு வருடத்தைப் பற்றி உங்களிடம் குளிரையும் சாப்பாட்டையும்தான் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லவில்லை. நான் இருந்த அறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பிரண்ட்ஸ்ஃபீல்ட் லிங்க்ஸ் என்று ஒரு பொதுப் பூங்கா. அங்கே மாநகரசபையே சின்னச் சின்னக் குழிகள் வைத்த ஒரு கொல்ப் திடலைப் பராமரிக்கிறது. கோடையில் 36 குழிகள். கட்டணம் கிடையாது. வேலி இல்லை, வாயில் இல்லை, பெயர் கேட்பவர் இல்லை. நாயோடு நடக்கிறவர்கள் ஒரு பக்கம், புல்லில் படுத்துப் படிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம். நடுவில் ஒரு பாட்டி தன் பேரனோடு பந்தடித்துக்கொண்டிருந்தார். நான் முதல் நாள் மரத்தடியில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். இரண்டாம் நாள் பழைய சாமான் கடையில் ஒரு செவன் அயனும் உருட்டுகிற மட்டை ஒன்றும் வாங்கினேன்.

முதல் குழியில் உருட்டும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் என்ன தெரியுமா? அந்தக் குழி எனக்குக் கிணறு மாதிரி தெரிந்தது. கொல்ப் குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், நாலேகால் அங்குலம், 1891இல் விதியாகவே வைத்துவிட்டார்கள். நம் டின்பால் டின்னோ ஏழரை சென்டிமீட்டர்தான் இருக்கும். உங்களிடம் சின்னக் குழியில் பழகியவளுக்கு அந்தப் பெரிய குழி எவ்வளவு சுலபம்!

இன்னொரு நாள் பஸ் ஏறி மஸல்பரோ என்ற ஊருக்குப் போனேன். நாலேகால் அங்குலக் கணக்கே அந்த ஊரிலிருந்துதான் வந்தது என்பார்கள். 1829ஆம் ஆண்டைச் சேர்ந்த குழிவெட்டும் கருவி அந்த ஊருடையது. அங்குள்ள ஒன்பது குழித் திடல் 1672இலேயே ஆட்டம் நடந்ததற்குப் பதிவுள்ள இடம். இன்றைக்கும் அது பொதுத் திடல், யாரும் காசு கட்டி ஆடலாம். எனக்கு மனசில் நின்றது வேறு விஷயம். அந்த ஒன்பது குழிகளும் குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளேயே இருக்கின்றன. குதிரை சுற்றி ஓடும், நடுவில் பந்து உருளும். நம் ஊரிலும் ஊர் நடுவே ரேஸ்கோர்ஸ் இருக்கிறது. ஏப்ரல் சீசன் முடிந்த பிறகு அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பது இதனால்தான்.

அதே ஸ்கொட்லாந்தில் சென் ஆண்ட்ரூஸ் என்று டிவியில் காட்டுகிற பெரிய திடல்கூடப் பொது நிலம்தான். ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள், ஊர்ச்சனம் அதில் காற்று வாங்க நடக்கிறது. அமெரிக்காவில் சான் டியேகோ நகரசபையின் டோரி பைன்ஸ் திடலில்தான் 2008இல் டைகர் வுட்ஸ் எலும்பு விரிசல் விட்ட காலோடு யூ.எஸ். ஓப்பன் வென்றார். அதே திடலில் அந்த ஊர்க்காரர்கள் வெளியூர்க்காரரைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் ஆடுகிறார்கள். காசுள்ளவர்கள் விளையாட்டாக ஆக்கிய ஊரும் உண்டு, ஆக்காத ஊரும் உண்டு என்பதற்கு இவ்வளவு போதும்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிய ஆள் வேறு. பப்வா செவ்கோலம் என்று பெயர். தென்னாபிரிக்காவின் டேர்பன்காரர். நம்மவர்களைக் கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கொண்டுவந்த மாதிரி, கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன இந்தியர்களின் வழிவந்தவர். உங்களை மாதிரியே பை சுமந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். மட்டையை எல்லோரும் பிடிப்பதற்கு நேர்மாறாக, இடது கையைக் கீழே வைத்துப் பிடிப்பார். யாரும் அவருக்குப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கையோடுதான் டச்சு ஓப்பனை 1959, 1960, 1964 என்று மூன்று தடவை வென்றார். 1963இல் டேர்பனில் நேட்டால் ஓப்பனையும் வென்றார். பரிசு கொடுக்கும்போது மழை. நிறவெறிச் சட்டத்தின் காலம், வெள்ளையருக்கான கட்டடத்துக்குள் அவர் நுழையக் கூடாது. மற்றவர்கள் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். 1965இல் அந்த நாட்டின் பெரிய ஆட்டக்காரரான கேரி பிளேயரையே முந்தி அதை மறுபடி வென்றார். அதன் பிறகு போட்டிகளில் ஆடவே அரசாங்கம் தடை போட்டது. 1978இல் இறந்துபோனார்.

இன்று டேர்பனில் ஒரு மாநகரசபைத் திடலுக்கு அவர் பெயர்தான், மாமா. அதைப் படித்தபோது உங்கள் கைதான் எனக்கு ஞாபகம் வந்தது. வலது தோளில் பை வார் அழுத்திய அந்தத் தழும்பும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "நம்ம சனத்துக்கு வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணி கெடைக்கல, நீ பந்து உருட்ட நெலம் கேக்குற." இந்தக் கேள்விக்கு முன்னால் நான் வாயடைத்துத்தான் நிற்பேன். நம்மவர்கள் தோட்டத்துக்கு வந்து 200 வருடம் கழிந்தும் லயத்துக் கூரை ஒழுகுகிறது. 18 குழித் திடலுக்குப் பொதுவாக 100 ஏக்கருக்கும் மேல் வேண்டும். தண்ணீர், உரம், மருந்து, புல் வெட்ட ஆட்கள் என்று அது விழுங்கும். அப்படி இன்னொன்று மலையில் வேண்டும் என்று நான் கேட்கவே மாட்டேன். ஒரு குடும்பத்துக்கு வீட்டுக் காணி என்றால் கொல்ப் பின்னால் நிற்கட்டும்.

நான் கேட்பது ஏற்கெனவே இருக்கிற கிரவுண்ட். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடாத காலை நேரம். ஐம்பது, அறுபது மீட்டரில் மூன்று குழி போதும். பெரிய கிளப்பில் வெளியார் ஒரு நாள் ஆடுவதற்குக் கட்டுகிற பணம் கொழுந்தெடுக்கிற ஒருத்தியின் பல நாள் சம்பளம். அந்தக் கணக்கை என்னால் மாற்ற முடியாது. ஆனால் புல்லைக் குட்டையாக வெட்டி மூன்று டின் புதைக்க யார் கையெழுத்தும் தேவையில்லை. அது நடந்து, நாலு பிள்ளைகள் ஆடுவதை ஊர் பார்த்தால், நான் மாநகரசபைக்கு ஒரு மனு எழுதுவேன். ஆறு குழி, பொதுத் திடல், பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசம். அந்த மனுவில் சொல்லிக் கொடுப்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுத எனக்கு உங்கள் சம்மதம் வேண்டும்.

இலங்கையிலிருந்து தங்கராஜா, பிரபாகரன் என்று தமிழ்ப் பெயர்கள் இந்தியாவின் தொழில்முறைப் போட்டிகளில் ஆடுவதைச் சின்னவள் போனில் பார்க்கிறாள். அவளுக்கு அது நம்முடைய விளையாட்டு இல்லை என்று தோன்றவே இல்லை. உங்கள் வாயால் கேட்கும்வரை தோன்றவில்லை. கோபமாகச் சொல்லவில்லை, மாமா. இத்தனை வருடம் வேறொருவர் பையைச் சுமந்தவருக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் அவளிடம் மட்டும் வேண்டாம்.

அந்தச் செவன் அயன் இன்னும் அலுமாரிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அவள் உயரத்துக்குக் கொஞ்சம் நீளம், கைப்பிடியில் கீழே இறக்கிப் பிடிக்கச் சொல்லலாமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். உங்களிடம் பிஸ்கட் டின்னில் கிடக்கிற பழைய பந்துகளில் ஒரு பத்துக் கொண்டுவாருங்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிடுவோம். பனி காய்ந்துவிட்டால் பந்து போன கோடு தெரியாது. பால்மா டின் ஒன்றை அடிக்கோல் வைத்து அளந்து பார்த்தேன், உண்மையான குழிக்குக் கிட்டத்தட்ட வருகிறது. டின்பால் டின்னும் ஒன்று கழுவி வைத்திருக்கிறேன். அவளுக்கு எதைப் புதைப்பது என்று நீங்கள் வந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்