நெடுந்தீவுக்கு நாளைக்குப் படகு ஓடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் எங்கள் நெடுந்தீவில் காணி வாங்கலாமா, தங்குமிடம் கட்டினால் ஓடுமா என்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் தொலைபேசியில் கேட்கிறார்கள். நான் இங்கே பிறந்தவள். இடம்பெயர்ந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தபால் கந்தோர்களில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பி, பணிக்கொடைக் காசில் அம்மாவின் வீட்டைத் திருத்தினேன். இரண்டு அறைகளை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: காணி விலையை விசாரிக்க முதல் படகை விசாரியுங்கள்.

புங்குடுதீவுப் பக்கத்துப் படகுத்துறையான குறிகட்டுவானிலிருந்து எங்கள் ஊர் இறங்குதுறையான மாவிலித்துறைக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல். ஒரு ஆணி தேவையென்றாலும் அந்தக் கடலைத் தாண்டித்தான் வர வேண்டும். வீடு திருத்திய ஆண்டு ஆனி மாதம், யாழ்ப்பாணத்தில் 20 மூட்டை சீமெந்து வாங்கினேன். கடையிலிருந்து லொறிக்கு, லொறியிலிருந்து வள்ளத்துக்கு, வள்ளத்திலிருந்து இறங்குதுறைக்கு, அங்கிருந்து லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்துக்கு என்று ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு கூலி. அதுவும் குறிகட்டுவானுக்கு வந்து சேர்ந்த அன்றே சோளகக் காற்று எழும்பிவிட்டது. நான்கு நாள் வள்ளம் புறப்படவில்லை. தறப்பாளால் மூடித்தான் வைத்திருந்தார்கள், ஆனால் கடற்சாரல் தறப்பாளுக்குக் கீழாலும் போகும். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது 7 மூட்டை கல்லாகிக் கிடந்தது. மேசன்மார் இரண்டு பேர் அந்த நான்கு நாளும் வேலையில்லாமல் இருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்காமல் விட முடியுமா?

அந்தச் சீமெந்தில் முன்பக்கம் ஒரு மதில் கட்ட நினைத்திருந்தேன். இனி முடியாது என்றானபோது பக்கத்து வளவுப் பெரியப்பா வந்து, விழுந்து கிடந்த எங்கள் பழைய கல்வேலியையே திரும்ப அடுக்கித் தந்தார். அவருக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது. முதலில் கற்களையெல்லாம் பிரித்துப் பரப்பினார். அகன்ற கற்களை அடியில் இரண்டு வரிசையாக வைத்து, நடுவில் சில்லுக் கற்களைப் போட்டு, மேலே போகப் போக ஒடுக்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்து இரண்டு மூன்று பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் வைப்பார். வைத்ததும் உள்ளங்கையால் அமர்த்திப் பார்ப்பார். ஆடினால் எடுத்துவிடுவார். எல்லாம் முருகைக் கல். கிட்டப் பார்த்தால் தேன்கூடு போலக் கண் கண்ணாகப் பழைய பவளத்தின் அடையாளம் தெரியும். ஒரு பிடி சாந்து இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையால் காற்று போய்விடுவதால் சோளகம் அந்த வேலியைத் தள்ளுவதில்லை. இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. காணி வாங்குகிற சிலர் முதல் வேலையாக இந்த வேலிகளைப் பிரித்துவிட்டு மதிலும் முள்ளுக்கம்பியும் போடுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பதறுகிறது.

தண்ணீரும் அப்படித்தான். சுண்ணாம்புக்கல் நிலம், அதனால் பல கிணறுகள் சவர். சாராப்பிட்டிப் பக்கம்தான் நல்ல தண்ணீர். ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே நிற்கிற குதிரைகள் வறட்சி வந்தால் தண்ணீரில்லாமல் செத்துப் போகின்றன. அப்படிப்பட்ட ஊரில் நீச்சல் தடாகம் கட்ட இடம் பார்த்துத் தரும்படி ஒருவர் கேட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வருகிறவர்களில் அநேகம் பேர் காலைப் படகில் வந்து, ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கு மரம், வளரும் கல், குதிரைகள் என்று ஓட்டமாய் ஓடிப் பார்த்துவிட்டுப் பின்னேரப் படகில் திரும்பிவிடுகிறார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. இரவு தங்கினால் மறுநாள் போகலாமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லையே. ஒரு இரவு நின்றால் எங்கள் கடையில் சாப்பிடுவார்கள், எங்கள் ஓட்டோவில் போவார்கள், எங்கள் பெண்கள் செய்த பனாட்டும் ஒடியல்மாவும் வாங்குவார்கள். இப்போது எங்களுக்கு மிஞ்சுவது வெறும் தண்ணீர்ப் போத்தல்கள்தான்.

போன வருடம் கிளிநொச்சியிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு நாள் தங்க வருவதாகச் சொல்லியிருந்தது. தாத்தா பிறந்த வளவைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். நான் நண்டு வாங்கி வைத்தேன், அறைக்குப் புது நுளம்பு வலை கட்டினேன். கைக்குழந்தையோடு குறிகட்டுவானில் மதியம் வரைக்கும் காத்திருந்துவிட்டு அவர்கள் திரும்பிப் போனார்கள். அன்றைக்குக் கடல் தட்டுப் போல அமைதியாகக் கிடந்தது. படகுக்குத் திருத்தவேலை. அது முதல் நாள் பின்னேரமே தெரிந்த விஷயம். அதே நாள் விடியப்புறம் எங்கள் ஒழுங்கை அக்கா ஒருவர் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு இருட்டோடு இருட்டாக இறங்குதுறைக்கு நடந்து போய், அப்படியே திரும்பி வந்தார். அடுத்த திகதி இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. என் நண்டுக்கு வந்த நட்டத்தைச் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

2024 மார்ச்சில் இந்திய அரசின் 1 கோடி 10 இலட்சம் டொலர் உதவியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்று, சூரிய மின்சாரம் தருவதற்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது. மனதார வரவேற்கிறேன். அந்த மின்சாரத்தை நம்பி எங்கள் பிள்ளை ஒருவன் மீனுக்குக் குளிரறை போட்டாலும், அந்த மீனை ஏற்றிக்கொண்டு போக நேரத்துக்கு ஒரு படகு வேண்டும்.

கடல் கொந்தளிக்கிற நாளில் படகை விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கடலை எங்களுக்குத் தெரியும். குமுதினி என்ற பெயரைக் கேட்டாலே 1985 மே 15 நினைவுக்கு வருகிற சனம் நாங்கள். அன்று அந்தப் படகில் போய், நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டுத் திரும்பி வராத எங்கள் ஆட்களின் படங்கள் இன்னும் வீடுகளில் தொங்குகின்றன. படகில் ஏறுவது எங்களுக்கு வெறும் பயணமல்ல. கேட்பது இவ்வளவுதான்: திருத்தவேலை, ஆளில்லை, எண்ணெய் இல்லை என்று முன்கூட்டியே தெரிகிற காரணங்களுக்காகப் படகு ஓடாது என்றால் முதல் நாள் பின்னேரம் 6 மணிக்குள் சொல்லுங்கள். சனி, ஞாயிறுகளில் சுற்றுலாக் கூட்டத்துக்கு வேறு படகு விடுங்கள், அல்லது நோயாளிகளுக்கும் ஊராருக்கும் முதல் இடம் கொடுங்கள். எங்கள் அக்கா கிளினிக் கொப்பியோடு வரிசையின் கடைசியில் நிற்கக் கூடாது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் ஐயா. தங்க விலை போடுகிறீர்கள், காலநிலை போடுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் "இன்று நெடுந்தீவுப் படகு" என்று இரண்டு வரிக்கு இடம் தாருங்கள். எங்களுக்கு உங்கள் பத்திரிகை வருவதே காலைப் படகில்தான், ஆகையால் அந்த இரண்டு வரி எங்களுக்காக அல்ல. விடியப்புறம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பத்திரிகை வாங்கிக்கொண்டு, கைக்குழந்தையோடு குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறப்போகிற ஒருவருக்காக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
நெடுந்தீவு மேற்கு.