ஏரியில குளநெல்ல காப்பாத்திக் குடுத்தவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. செங்கல்பட்டு பக்கம் எங்க ஊர் ஏரியில தூர்வாருற வேலை முடிஞ்சுது, தெக்கால கரையோரம் குளநெல்லு (தானா மொளைக்குற காட்டுநெல்லுங்க) மண்டிக் கெடக்குற சரிவ மட்டும் மிஷின் தொடல. அதுக்குக் காரணமானவங்க பேர் போட வேணாம்னுட்டாங்க, அதனால பேரில்லாமலே நன்றி சொல்லிடுறேன்.

மொதல்ல அங்க மாட்டுக்குப் புல்லறுக்குற ஆயாவுக்கு. ஆகாயத்தாமரைய அள்ளுங்க, நெய்வேலி காட்டாமணக்க வேரோட புடுங்குங்க, இத மட்டும் விடுங்கன்னு மொத மொதல்ல சொன்னது அவங்கதான். நெல்லு மாதிரியேதான் இருக்கும், ஆனா மணிக்கு நீளமா வால் இருக்கும், பழுத்த ஒடனே உதிர்ந்துரும், அருவா வச்சு அறுக்கவே முடியாது, அந்தக் காலத்துல விடியக்காலைல கூடைய கீழ புடிச்சு கதிர தட்டித்தான் எடுப்பாங்களாம்.

அப்புறம் காலேஜ்ல பாட்டனி எடுக்குற சார். உதிர்ற மணி சேத்துலயே கெடந்து கோடைய தாண்டி மழைக்கு மொளைக்குது, அதனால மேல் மண்ண வழிச்சு கரைய செங்குத்தா வெட்டிட்டா கதை முடிஞ்சுதுன்னு கூட்டத்துல புட்டு புட்டு வச்சாரு. எழுபதுகள்ல புகையான் பூச்சி பரப்புன குட்டை நோய் நெல்ல அழிச்சப்ப பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்துல 6000க்கும் மேல ரகங்கள சலிச்சுப் பாத்திருக்காங்க, கடைசில எதிர்ப்பு கெடச்சது உத்தரப் பிரதேசத்துல எடுத்த ஒரே ஒரு காட்டுநெல்லுல, அத சேத்து உண்டாக்குனதுதான் 1976ல வந்த ஐ.ஆர். 36ன்னு அவர் சொன்னதும் அந்த ரகத்த போட்டு வெளைய வச்ச பெருசுங்க எல்லாம் நிமுந்து உக்காந்தாங்க பாருங்க! அதுக்கு முன்னாடி நீலத்தாழைக்கோழி ஒதுங்குது, தினைக்குருவி மணி பொறுக்குதுன்னு நான் பேசுனப்ப யாருமே கண்டுக்கல, அது வேற விஷயம்.

பிரசிடெண்ட் அம்மாவுக்கும் பெரிய நன்றி. கரைய சுத்தி வாக்கிங் டிராக் போட்டு கல்லு பதிச்சா ஏரி அழகாயிரும்னு பேசுனவங்க நெறைய பேரு (இந்த வாக்கிங் டிராக் வியாதி எப்ப தீருமோ தெரியல), அவங்க கிட்ட எல்லாம் பேசி அந்த ஓரத்த விட வச்சது அவங்கதான்.

கடைசியா ஜேசிபி ஓட்டுன தம்பி. லோடு கணக்கு கொறையுது அதையும் வழின்னு காண்ட்ராக்ட் ஆளு வந்து நின்னப்ப இன்ஜின ஆஃப் பண்ணிட்டு நேரா பிரசிடெண்ட் அம்மாவுக்கு போன போட்டாரு. தம்பி, பொங்கலுக்கு குடும்பத்தோட எங்க வீட்டுக்கு வந்துரணும், சொல்லிட்டேன்.