அண்ணன் கையில் மூன்று பாஸ்போர்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பயணம் போகும் படங்களைப் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் வெஸ் ஆண்டர்சனின் 'தி டார்ஜிலிங் லிமிடெட்' (2007) படத்துக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. பணக்கார அமெரிக்கர்கள் மூன்று பேர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கிறார்கள், கடைசியில் அப்பாவின் பெட்டிகளை வீசிவிட்டு ஓடும் ரயிலில் ஏறுகிறார்கள் என்பதோடு கட்டுரையாளர் கதையை முடித்துவிட்டார். பெட்டிகளை வீசும் காட்சி யாருக்கும் புரியும். புரிய வேண்டும் என்றே வைத்தது. எனக்கு இந்தப் படம் பிடித்ததற்குக் காரணம் அதன் சாப்பாட்டு மேஜைகள்.

அப்பா இறந்து ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பிகளை மூத்தவன் ஃபிரான்சிஸ் (ஓவன் வில்சன்) ராஜஸ்தானில் ரயிலேற்றுகிறான். தலை முழுக்கக் கட்டு. ஆன்மிகப் பயணமாம், ஆனால் அதற்கு நிகழ்ச்சி நிரல் அச்சடித்து லேமினேட் செய்து தர ஒரு உதவியாளர் வேறு! தம்பிகளின் பாஸ்போர்ட்டுகளை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் இவனே சொல்லிவிடுகிறான். தம்பிகள் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். நாம் சிரிக்கிறோம்.

அப்புறம், இமயமலை அடிவாரத்தில் ஒரு மடத்தில் கன்னியாஸ்திரியாக இருக்கும் அம்மாவைக் கண்டுபிடிக்கிறார்கள். கணவரின் இறுதிச் சடங்குக்குக்கூட வராத அம்மா அவர். மறுநாள் காலைக்கு யாருக்கு என்ன சாப்பாடு என்று முந்தின இரவே அந்த அம்மா (அஞ்செலிகா ஹூஸ்டன்) மகன்களைக் கேட்காமலேயே முடிவு செய்யும்போது பாருங்கள், அச்சு அசல் ஃபிரான்சிஸ். அதுவரை அவனுடைய அதிகாரத் திமிராகத் தெரிந்ததெல்லாம், அம்மா விட்டுப்போன இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்துகொண்ட ஒரு பிள்ளையின் பழக்கம் என்று அங்கேதான் புரிகிறது. விளக்கமாக ஒரு வசனம்கூட இல்லை. சாப்பாடு சொல்லும் தோரணை மட்டும்தான். விடிந்தால் அம்மா அங்கே இல்லை.

சண்டை போட்டுப் பிரிந்த உடன்பிறப்புகள் என்றாலே நம் படங்களில் சொத்து இருக்கும், துரோகம் இருக்கும், இடைவேளைக்கு முன்னால் ஒரு அறை விழும். இங்கே பிரிவுக்குக் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. அப்பாவின் கண்ணாடியை நடுவில் உள்ளவன் போட்டுக்கொண்டு திரிகிறான். அது மற்றவர்களுக்கு உறுத்துகிறது. ஒருவன் தன் ரகசியத்தை இன்னொருவனிடம் சொல்லி 'அவனிடம் சொல்லாதே' என்கிறான். அது உடனே அவனிடமே போய்ச் சேர்கிறது. அண்ணன் தம்பிகளோடு வளர்ந்த எவருக்கும் இது தெரியும். (நான் வீட்டில் கடைக்குட்டி. எனக்கு நன்றாகவே தெரியும்.)

கட்டுரையாளரோடு ஒத்துப்போகும் இடமும் உண்டு. ஆற்றில் தவறி விழும் மூன்று சிறுவர்களில் ஒருவன் இறந்துபோகிறான். அவனுடைய அப்பாவாக இர்ஃபான் கான். ஏறக்குறைய வசனமே இல்லாத வேடம், அந்த முகமே போதும். ஆனால் அந்தக் கிராமத்தின் துக்கம், மூன்று வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் அப்பாவின் இறுதிச் சடங்கு நாளை நினைத்துப் பார்ப்பதற்கு ஒரு வாசலாக மட்டும் நின்றுவிடுகிறது. சத்யஜித் ராயின் படங்களிலிருந்து இசையை எடுத்துப் பயன்படுத்திய இயக்குநர், ராய் அந்தத் தகப்பனோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார் என்பதை யோசித்திருக்கலாம்.

ஆனாலும் அந்த நினைவுக்காட்சி அபாரம். அப்பாவின் இறுதிச் சடங்குக்குப் போகும் வழியில், பழுதுபார்க்க விட்டிருந்த அவருடைய காரை எடுத்தே தீருவது என்று மூவரும் ஒர்க்‌ஷாப்பில் மல்லுக்கட்டுகிறார்கள். கார் தயாராகவில்லை. நேரம் ஓடுகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இப்படியொரு காட்சியை வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

பெட்டிகளை வீசியதால் அப்பாவின் பாரம் இறங்கிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஒரு சின்னக் காட்சி வருகிறது. கட்டுரையில் அது விடுபட்டுவிட்டது. ரயிலில் ஏறியபின் ஃபிரான்சிஸ் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பி நீட்டுகிறான். உன்னிடமே இருக்கட்டும் என்று தம்பிகள் சொல்லிவிடுகிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்