செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் புகைப்படச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. காரைக்குடி மாசி பங்குனித் திருவிழாவையொட்டிக் கண்காட்சி வைத்தோம். கானாடுகாத்தான் வீதிகளில் படமெடுத்தோம்.

சங்கத்துக்குப் புது ஃபிலிம் கேமரா வாங்காமல், வீடுகளில் கிடக்கும் பழையவற்றைச் சீர்செய்யும் பயிற்சிக்குச் செலவிட்டது ஏன் என்று சிலர் கேட்டார்கள். 2024இல் வந்த பென்டாக்ஸ் 17 நல்ல கேமராதான். 36 படச் சுருளில் 72 எடுக்கலாம். ஆனால் அது அரை ஃபிரேம், அதாவது ஒவ்வொரு படமும் வழக்கத்தில் பாதி அளவே; பேட்டரி தீர்ந்தால் ஓடாது. பழைய பென்டாக்ஸ் கே1000க்கு, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு மட்டுமே பேட்டரி வேண்டும். ஷட்டர் முழுக்க இயந்திரம்.

பழையவற்றில் முதலில் கெடுவது வெளிச்சம் புகாமல் தடுக்கும் பின்மூடி ஃபோம். நம் வெக்கையில் அது தார்போல் உருகி, வெளிச்சம் கசிந்து படத்தில் செம்மஞ்சள் கோடு விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் சுரண்டிவிட்டு, புது ஃபோமைப் பெரும்பாலும் பள்ளத்தில் 1.5 மி.மீ., கீல் பக்கம் 2 மி.மீ. தடிமனில் ஒட்டினால் போதும். தடிமன் கூடினால் மூடி அடையாது. ஷட்டர் திரையில் ஒரு சொட்டும் படக்கூடாது. கேனனெட் போன்ற பழைய கேமராக்கள் கேட்கும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் ஒளிமானி தவறு காட்டும். காதுக்கருவிக்கான 675 பேட்டரி 1.4 வோல்ட், சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் பொருந்தும். ஷட்டரின் ஒரு வினாடி, அரை வினாடி வேகங்கள் இழுத்தால் காய்ந்த மசகுதான் காரணம். அதற்கு எண்ணெய் தெளித்தால் ஷட்டர் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். தோலுறை ஈரம் பிடித்துப் பூஞ்சை வளர்க்கும். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். பூஞ்சை லென்ஸையே அரித்திருந்தால் அதில் காசு போட வேண்டாம். வீட்டில் பழையது இல்லாதவர், ஓட்டிப் பார்க்காததை இணையத்தில் வாங்குவதைவிடப் புதியதே வாங்கலாம்.

இந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவில்லை. பிறகு சந்தா நிலுவையோடு கேமராவை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். வந்தவர்களின் உழைப்புக்கு இது நியாயமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நிலுவையால் கையிருப்பு குறைவு. இடம் தந்தவர்களுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கருப்பு வெள்ளைச் சுருளை நாமே கழுவ வேண்டும். எச்பி5 பிளஸ் சுருளுக்கு டி-76 என்ற கழுவும் ரசாயனம், சம அளவு தண்ணீரோடு, 20 டிகிரியில் 11 நிமிடம். நம் குழாய்த் தண்ணீர் கோடையில் அதைவிட வெகுவாகச் சுடும்; ஐஸ் தொட்டியும், வெளிச்சம் புகாத அறையும் தேவை. இரண்டாங்கட்டில் பூட்டியே கிடக்கும் அறை உள்ளவர்கள் வீட்டில் கலந்து பேசிச் சொன்னால், நிலுவைச் சந்தாவும் வந்து சேர்ந்தால், சித்திரையிலேயே தொடங்கலாம்.

செயலாளர்