எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன்

அல்சூர், பெங்களூரு
பிப்ரவரி 2026

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. காலையில் ஏரிக்கரை திருவள்ளுவர் சிலை வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார்.

போன ஞாயிறு நீ போனில், “ஆஸ்கர் கடைசி அஞ்சுல நம்ம படம் வரலம்மா” என்று சொன்னபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. சரியாகப் பேசாமல் வைத்துவிட்டேன். உன் குரலில் இருந்த வருத்தம் நாலு நாளாக மனசிலேயே நிற்கிறது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பும் இரண்டு நண்பர்களின் கதையான அந்த ‘ஹோம்பவுண்ட்’ இந்திப் படம் செப்டம்பரில் வெளிவந்தபோது இங்கே பக்கத்து மல்டிபிளெக்ஸில் ஒரே ஒரு காட்சி, அதுவும் இரவு பத்தேகாலுக்கு. அடுத்த வாரம் அதுவும் போய்விட்டது. அப்புறம் நெட்ஃப்ளிக்ஸில் வந்த பிறகு வீட்டில்தான் பார்த்தோம். உலகம் முழுக்கப் போட்டியிட்ட படங்களில் பதினைந்துக்குள் வந்த படத்தை, சொந்த நாட்டில் ஒரு நல்ல நேரத்தில் போட ஆளில்லை. ஐந்துக்குள் வராததைவிட எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

அதைப் பார்த்த ராத்திரி நான் தூங்கவில்லை. காரணத்தை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 2020 மே மாதம், ஊரடங்கின்போது, எதிர்த் தெருவில் பாதியில் நின்ற கட்டடத்திலிருந்து ஆட்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். உன் வயசுப் பையன் ஒருவன் நம் கேட் பக்கம் வந்து, “ஹெப்பாள் எந்தப் பக்கம்?” என்று இந்தியில் கேட்டான். ஹைதராபாத் ரோட்டைப் பிடித்து நடக்கப்போகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. கேட்டுக்கு உள்ளே நின்றபடியே கையைக் காட்டினேன். ஒரு சொம்பு தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கிருமி பயம். அவன் தோளில் நீல நிற பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான், காலிக் குடம். நடக்க நடக்க அது முதுகில் இடித்துக்கொண்டே போனது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. படத்தின் இயக்குநர் நீரஜ் கெய்வான் அந்தப் பையன்களுக்குப் பேர் கொடுத்திருக்கிறார், வீடு கொடுத்திருக்கிறார், போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதும் ஆசையைக் கொடுத்திருக்கிறார். அந்தப் பையனுக்கும் அதெல்லாம் இருந்திருக்கும் என்று எனக்குப் படம் பார்த்த பிறகுதான் உறைத்தது. இந்தப் படத்துக்கு இன்னும் என்ன விருது வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி.

தேசிய விருதில் எனக்கு முழு சந்தோஷம். ‘பார்க்கிங்’ படத்துக்கு மூன்று விருது. எம்.எஸ்.பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது என்று ஆகஸ்டில் செய்தி வந்ததும் அப்பாவை எழுப்பிச் சொன்னேன். ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வில் பட்டாபியாக வருவாரே, அவர் வந்தால்தான் நீ வாயைத் திறப்பாய், நான் சோறு ஊட்டுவேன். எத்தனை வருஷம் டப்பிங்கிலும் சின்னச் சின்ன வேஷத்திலும் உழைத்த மனுஷன்! வாடகை வீட்டில் ஒரு கார் நிறுத்துகிற இடத்துக்காக மனுஷன் எப்படிக் கெட்டுப்போகிறான் என்பதை, நேர்மையானவர் என்று பேர் வாங்கிய ஒரு அரசாங்க ஊழியரை வைத்துக் காட்டினார்கள். பெங்களூரில் வாடகைக்கு இருப்பவர்கள் யாரும் அந்தப் படத்தைக் கதை என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக் பற்றி.

போன வருஷம் மே மாதம் அவருடைய ‘ஹார்ட் லேம்ப்’ புத்தகத்துக்கு இன்டர்நேஷனல் புக்கர் பரிசு கிடைத்தது உனக்குத் தெரியும். கன்னடத்துக்கு அது முதல் முறை, சிறுகதைத் தொகுப்புக்கும் முதல் முறை. பரிசுப் பணம் 50,000 பவுண்டை எழுதியவரும் மொழிபெயர்த்த தீபா பாஸ்தியும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பரிசின் விதி. எனக்கு ரொம்பப் பிடித்த விதி. நம் ஊரில் மொழிபெயர்த்தவர் பேரை அட்டையில் தேட வேண்டியிருக்கிறது.

1989-ல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். காய்கறிக்காரரிடம், கண்டக்டரிடம், உன் ஸ்கூல் மிஸ்ஸிடம் எல்லாம் கன்னடம்தான். ஆனால் இன்றுவரைக்கும் பஸ்ஸை நம்பர் பார்த்துத்தான் ஏறுகிறேன், போர்டைப் படித்து இல்லை. பக்கத்து ஹாசனில் ஒரு வக்கீல் அம்மா முப்பது வருஷத்துக்கு மேலாகக் கதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். லண்டனில் சொன்ன பிறகுதான் அவர் பேர் எனக்குத் தெரிகிறது. வெட்கமாக இருந்தது.

இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கி, மூன்று மாசம் தட்டுத் தடுமாறிப் படித்தேன். தீபா பாஸ்தி கன்னட, உருதுச் சொற்களை அப்படியே விட்டிருக்கிறார். சாய்வெழுத்து கிடையாது, அடிக்குறிப்பும் கிடையாது. தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்ற தைரியம். தலைப்புக் கதையில் மெஹ்ருன் என்ற பெண், கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கிறாள். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். வீட்டில் ஒருவரும் ‘இரு’ என்று சொல்வதில்லை. அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

வாணியம்பாடியில் எங்கள் சுவருக்கு அடுத்த வீட்டு அக்கா அப்படித்தான் வந்தாள். எனக்குப் பன்னிரண்டு வயசு. பச்சைப் புடவை, இடுப்பில் குழந்தை. மூன்று நாள் இருந்தாள். மூன்றாம் நாள் அவள் அண்ணன் ஜட்கா வண்டி கூட்டி வந்தார். வண்டியில் ஏறும்போது அவள் என்னைப் பார்த்து, “பாத்திரம் தேய்ச்சுக்கிட்டாவது இங்கயே இருந்துடுவேன்டி” என்றாள். எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. ஐம்பது வருஷம் கழித்து அதை எனக்கு ஹாசன்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அப்புறம்தான் இதைக் கன்னடத்திலேயே படிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ‘எதெய ஹணதெ’ என்று அங்கே பேர். ஹணதெ என்றால் அகல் விளக்கு. பிறந்த வீட்டை ‘தவரு மனெ’ என்பார்கள். காதால் கேட்டால் எனக்கு எல்லாம் புரியும், கண்ணுக்குத்தான் எழுத்து தெரியாது.

பரணில் உன் நாலாம் வகுப்புக் கன்னடப் புத்தகம் இருந்தது. அட்டை போய்விட்டது, உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருக்கிறாய். ஹாலு, பால். ஹுலி, புலி. ஹல்லு, பல்லு. பக்கத்து ஓரத்தில் ‘ஹ வந்தா ப போடு’ என்று பெரிய வாத்தியார் மாதிரி ஒரு குறிப்பு. அதை வைத்துத்தான் தினமும் மத்தியானம் அரை மணி நேரம் படிக்கிறேன். நாலு ‘க’வும் பழகிவிட்டது. எழுத்துக்குக் கீழே தொங்கும் ஒத்தெழுத்துதான் இன்னும் உயிரை வாங்குகிறது.

நீ பத்தாம் வகுப்பு வரை கன்னடம் படித்தவன். அங்கே போய்ப் பத்து வருஷத்தில் மறந்துவிட்டேன் என்கிறாய், மறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை டொரண்டோவில் காலை எட்டு மணி, எனக்குச் சாயங்காலம் ஆறரை. கதையின் முதல் இரண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். ஒரு பத்தி நீ படி, ஒரு பத்தி நான் படிக்கிறேன். நான் தப்பாகப் படித்தால் உடனே திருத்து, பாவம் அம்மா என்று விடாதே.

முதல் பக்கம் நாலாவது வரியில் ஒரு ஒத்தெழுத்து இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. அதை மட்டும் முன்னாலேயே பார்த்து வை.

அன்புடன்,
அம்மா