நாசர் கட்டுரையில் விடுபட்ட பாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் திரைப்பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, தமிழ்த் திரையின் குணச்சித்திர நடிகர்களைப் பற்றிய கட்டுரையை அக்கறையோடு படித்தேன். திரு. நாசர் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி, ‘நாயகன்’ தொடங்கி ‘பாகுபலி’ வரை அவர் ஏற்ற வேடங்களை நிறைவாகவே சொல்கிறது. ஆனால் அவர் எழுதி இயக்கிய படங்களுக்குக் கடைசியில் ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. அந்த வரியிலும் படங்களின் பெயர்கள் இல்லை. நடிப்பை அன்றாடத் தொழிலாகச் செய்துகொண்டே கதை எழுதி இயக்கவும் செய்கிற ஒருவரின் உழைப்பில் பாதியை இப்படி விட்டுவிடுவது, அந்த நடிப்பையே நாம் சரியாகப் புரிந்துகொள்ளாமல் செய்துவிடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

செங்கல்பட்டுப் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்து, திரைப்பட வர்த்தக சபையின் பயிற்சிப் பள்ளியிலும் பிறகு அரசுத் திரைப்படக் கல்லூரியிலும் நடிப்பைப் பாடமாகவே பயின்றவர் நாசர். 1985இல் கே. பாலசந்தரின் ‘கல்யாண அகதிகள்’ அவருடைய முதல் படம். 1987இல் ‘நாயகன்’ படத்தின் காவல்துறை அதிகாரி, 1992இல் ‘தேவர் மகன்’ படத்தின் மாயத்தேவர் என்று அவர் பெயர் பெற்ற வேடங்கள் பெரும்பாலும் கண்டிப்பான மனிதர்கள் அல்லது கொடியவர்கள். பிறர் எழுதிய கதைகளில் அவருக்கு இருந்த இடம் அது. அந்த இடத்தை அவர் எவ்வளவு நன்றாக நிரப்பினார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

1995ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த ஓராண்டில் ‘பம்பாய்’ படத்தில் மகனின் காதலை ஏற்க மறுக்கும் நாராயண பிள்ளையாக வருகிறார். ‘குருதிப்புனல்’ படத்தில் தீவிரவாதக் குழுவின் தலைவன் பத்ரியாக வருகிறார். அதே ஆண்டில்தான் அவரே எழுதி இயக்கிய ‘அவதாரம்’ வெளியாயிற்று. அதில் அவர் தமக்கென எழுதிக்கொண்ட வேடம் குப்புசாமி. கூத்துக் குழு ஒன்றில் எடுபிடி வேலை செய்துகொண்டு, என்றைக்காவது தானும் அரிதாரம் பூசி ஆட மாட்டோமா என்று ஏங்குகிற, சூதுவாது அறியாத மனிதன் அவன். வேறெந்த இயக்குநரும் அன்றைய நாசரை நினைத்து இப்படியொரு பாத்திரத்தை எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மிடுக்கான குரலுக்கும் கூர்மையான பார்வைக்கும் பெயர் பெற்ற ஒருவர், அந்தக் குரலையும் பார்வையையும் கழற்றி வைத்துவிட்டுத் தோள் குறுகி நிற்பதைப் பார்த்தபோதுதான், அதுவரை அவரிடம் கேட்கப்படாமலே இருந்தது எவ்வளவு என்பது தெரிந்தது. நடிகர் ஒருவர் பேனாவை எடுப்பதன் முதல் பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

அந்தப் படத்தின் இன்னொரு சிறப்பை, செய்யாறு வட்டாரத்தில் பாரதக்கூத்து பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். தெருக்கூத்து நம் திரைப்படங்களில் பெரும்பாலும் ஒரு பாட்டுக்கோ நகைச்சுவைக்கோ வந்து போகும். ‘அவதாரம்’ கூத்தாடுகிறவர்களையே கதையாக எடுத்துக்கொண்டது. ஜமா எனப்படும் கூத்துக் குழுவுக்குள் யாருக்கு ராஜவேஷம், யாருக்குச் சில்லறை வேஷம் என்பதில் இருக்கும் ஏற்றத்தாழ்வும், வேஷம் கிடைக்காதவனின் ஏக்கமும், ஊருக்கு ஊர் மேடை தேடிப் போகும் பிழைப்பும் புரிசை போன்ற கூத்து ஊர்களை அறிந்தவர்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் திரையில் அவற்றை அந்த மரியாதையோடு பார்த்தவர்கள் மிகச் சிலரே. படத்தின் முடிவில் இரணியனை வதைக்கும் நரசிம்ம வேடம் வெறும் அலங்காரமாக வரவில்லை. நரசிம்மம் கட்டுகிறவர்மீது சாமி இறங்கிவிடும் என்று நம்பி, ஆவேசம் மீறினால் பிடித்து நிறுத்தப் பக்கத்திலேயே ஆட்கள் தயாராக நிற்கும் கூத்துகளைக் கண்டவர்களுக்கு, குப்புசாமியின் முடிவு ஏன் அப்படி அமைந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கூத்தின் இலக்கணத்தைக் கொண்டே திரைக்கதையை முடித்திருக்கிறார். நடிகருக்குள் இருந்த எழுத்தாளர் செய்த வேலை அது.

இயக்குநராக இருக்கும் நடிகர் மற்ற நடிகர்களுக்கும் கதவு திறக்கிறார் என்பதற்கும் இப்படமே சான்று. மறைந்த பாலாசிங் அவர்கள் தமிழ்த் திரையில் அறியப்பட்டது இதில் ஏற்ற கொடிய பாத்திரத்தால்தான். பின்னாளில் ‘புதுப்பேட்டை’ போன்ற படங்களில் அவரைக் கண்டு வியந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பார்வையற்ற பொன்னம்மாவாக ரேவதி காட்டிய நிதானத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். இளையராஜாவின் இசையில், அவரும் எஸ். ஜானகியும் பாடிய ‘தென்றல் வந்து தீண்டும்போது’ பாடலை இன்றும் இளைஞர்கள் பாடுகிறார்கள். ஆனால் கண் தெரியாத பெண்ணுக்கு வண்ணங்களை உணர்த்த ஒருவன் முயலும் அந்தக் காட்சியைக் கற்பனை செய்து எழுதியவர் யார் என்று கேட்டால், பலருக்கும் பதில் தெரிவதில்லை.

அதன் பிறகு 1997இல் முற்பிறவியையும் இப்பிறவியையும் பிணைத்த ‘தேவதை’, 2001இல் ‘மாயன்’, 2003இல் மோகன்லாலும் சிம்ரனும் நடித்த ‘பாப்கார்ன்’ ஆகியவற்றை இயக்கினார். இவை எல்லாம் ‘அவதாரம்’ அளவுக்கு நிறைவு தந்தன என்று நான் சொல்ல மாட்டேன். எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு படங்கள், அதற்கிடையே தமிழிலும் பிற மொழிகளிலும் இடைவிடாத நடிப்பு என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். துணை வேடம் ஏற்கும் நடிகரின் நாட்கள் அவர் கையில் இருப்பதில்லை. கதாநாயகனின் கால்ஷீட் எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பக்கம் இவருடைய தேதிகளும் நகரும். ஒரு வாரம் ஐதராபாத், அடுத்த வாரம் பொள்ளாச்சி, நடுவில் டப்பிங் என்று துண்டு துண்டாகக் கிடக்கும் நேரத்தில் நடித்துவிடலாம், இயக்க முடியாது. இயக்கம் தொடர்ந்து பல மாதங்களைக் கேட்கும். அந்த மாதங்களில் நடிப்பு வருமானம் குறையும்; வாய்ப்புகள் வேறொருவருக்குப் போகும். படம் பெரிதாக ஓடாவிட்டால், இழந்ததை ஈடுகட்ட முன்னிலும் அதிகமான வேடங்களை ஏற்க வேண்டும். அடுத்த கதையை எழுதும் நேரம் அங்கேயே கரைந்துவிடும். நட்சத்திரங்கள் இயக்கும்போது அவர்களுடைய சந்தை மதிப்பு அந்தச் சுமையில் ஒரு பகுதியைத் தாங்கும். குணச்சித்திர நடிகருக்கு அந்தத் துணையும் இல்லை. இதையெல்லாம் எண்ணிப் பார்த்தால் அந்த நான்கு படங்களைப் பொழுதுபோக்கு முயற்சிகளாகக் கருத மனம் வராது.

எதிர்த் திசையிலிருந்து வந்தவர்களின் நிலைமை சற்று மாறுபட்டது. மறைந்த மணிவண்ணன் அவர்கள் முதலில் எழுத்தாளராகவும் இயக்குநராகவும் பெயர் பெற்று, 1988இல் ‘கொடி பறக்குது’ படத்துக்குப் பிறகு முழுநேர நடிகராகவும் ஆனார். ஆகவே அவருடைய ‘நூறாவது நாள்’, ‘அமைதிப்படை’ ஆகியவற்றை மறந்துவிட்டு அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நடிகராக நம் மனத்தில் பதிந்துவிட்ட பொன்வண்ணன் இயக்கிய ‘அன்னை வயல்’, ‘ஜமீலா’ ஆகிய படங்களுக்கோ நாசரின் படங்களுக்கு நேர்ந்ததே நேர்ந்திருக்கிறது. முதலில் எந்த முகத்தைப் பார்த்தோமோ அதை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை வாசகர்கள் விட வேண்டுமென்றால், பத்திரிகைகள் முதலில் விட வேண்டும்.

2015 அக்டோபரில் தென்னிந்திய நடிகர் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு நாசரைப் பற்றி வந்த செய்திகள், இயல்பாகவே, சங்கக் கட்டடத்தையும் தேர்தல் வழக்குகளையும் சுற்றியே இருந்தன. மாவட்டங்களில் வாழும் நாடக நடிகர்கள் பெருமளவில் உறுப்பினர்களாக உள்ள சங்கம் அது. மேடைக் கலைஞனின் ஏக்கத்தைத் தம் முதல் படத்துக்கே கருவாக எடுத்தவர் அதன் தலைமைக்கு வந்ததை இணைத்துப் பார்த்து ஒரு கட்டுரையாவது வந்திருக்கலாம். என் கண்ணில் படவில்லை.

தங்களிடம் என் வேண்டுகோள்கள் இரண்டு. ‘அவதாரம்’ படத்தின் மூலப்படச்சுருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் விசாரித்து எழுத வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் ஊர்களில் படச்சுருள்கள் புளித்த வாடை வீசிச் சுருங்கிப் போவது புதிதல்ல. ‘கில்லி’ 2024இல் மீண்டும் திரைக்கு வந்தபோது அரங்குகள் நிறைந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். அத்தகைய படங்களைப் பாதுகாக்க வணிகமே முன்வரும். ‘அவதாரம்’ போன்ற படங்களுக்காகப் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தையும் மாநில அரசையும் தங்களைப் போன்ற பத்திரிகைகள்தாம் கேட்க முடியும். மற்றொன்று, நாசர் அவர்களிடம் ஒரு விரிவான நேர்காணல் எடுங்கள். வேடங்களைப் பற்றி அவரிடம் பலர் கேட்டுவிட்டார்கள். குப்புசாமியை எப்போது எழுதத் தொடங்கினார், எந்தக் கூத்து வாத்தியார்களைப் பார்த்து எழுதினார், 2003க்குப் பிறகு எழுதி வைத்துப் படமாகாமல் நின்ற கதைகள் உண்டா, இருந்தால் அவற்றில் எதையாவது இன்னும் எடுக்க நினைக்கிறாரா என்று கேளுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
செய்யாறு.