இல்லாத தேர்வுக்கு மாடல் டெஸ்ட் வைக்கும் நீட் பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

சேலம்
12.04.2025

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: நீட் 2025 பேக்கேஜில் பழைய தேர்வு முறை, நீக்கப்பட்ட பாடங்கள், வராத ஓ.எம்.ஆர். (விடைக்கு வட்டம் நிரப்பும் தாள்) புத்தகம் தொடர்பாக

வணக்கம்.

என் தங்கச்சி உங்கள் ஆப்பில்தான் நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். எங்கள் ஊர் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் நாகலூர். நான் சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன், பணம் கட்டியதும் தவணை கட்டுவதும் நான் என்பதால் இந்தக் கடிதத்தையும் நானே எழுதுகிறேன். தேர்வு மே 4. இன்னும் மூன்று வாரம்தான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மாடல் டெஸ்ட் எல்லாம் இப்போது நடைமுறையில் இல்லாத ஒரு தேர்வுக்கானவை. ஒவ்வொரு டெஸ்ட்டிலும் 200 கேள்வி, 200 நிமிடம். ஒவ்வொரு பாடத்திலும் பிரிவு ஏ 35, பிரிவு பி 15, அந்தப் பதினைந்தில் பத்துக்குப் பதில் எழுதினால் போதும். கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் வந்த முறை இது, 2022-லிருந்து 20 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள், போன வருடத்தோடு அது முடிந்துவிட்டது. இந்த வருடம் பிரிவு பி கிடையாது என்று தேசியத் தேர்வு முகமை ஜனவரி கடைசியிலேயே அறிவித்துவிட்டது. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90, மொத்தம் 180 கேள்வி, 180 நிமிடம், சாய்ஸ் இல்லை. அந்த அறிவிப்பை எங்கள் கடையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனுக்குத் தெரிந்த செய்தி நீட்டை மட்டுமே நம்பித் தொழில் நடத்தும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் மார்ச்சில் புதிதாகப் போட்ட டெஸ்ட்டும் 200 கேள்விதான், மேலே "நீட் 2025 சிறப்புத் தொகுப்பு" என்று பெயர் வேறு.

20 கேள்வி கூடவோ குறையவோ இருந்தால் என்ன, பயிற்சி பயிற்சிதானே என்று உங்கள் சப்போர்ட்டில் பேசிய தம்பி சொன்னார். அப்படி இல்லை. 200 நிமிடத்தில் 180 பதில் எழுதுகிறவருக்கு ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும், இப்போது சரியாக ஒரு நிமிடம், அதற்குள்தான் கேள்வியைப் படிக்கவும் வேண்டும் கணக்குப் போடவும் வேண்டும் வட்டத்தை நிரப்பவும் வேண்டும். அதைவிடப் பெரிய சேதம், உங்கள் டெஸ்ட் அவளுக்குக் கேள்வியைத் தவிர்க்கப் பழக்கிவிட்டது. சுழற்சி இயக்கக் கணக்கு நீளமாக வந்தால் தள்ளிவிடு, பிரிவு பி-யில் ஐந்தை விடலாம், இதுதான் மாதக்கணக்கில் கைக்கு வந்த பழக்கம். உயிரியலைத் தாவரவியல், விலங்கியல் என்று பிரித்து நாலு பாடத்துக்கும் சேர்த்து 20 கேள்வியை மதிப்பெண் இழக்காமலே விடலாம் என்று இருந்ததெல்லாம் போய், இப்போது விடுகிற ஒவ்வொரு கேள்வியிலும் 4 மதிப்பெண் போகும்.

பிப்ரவரியில் விஷயம் தெரிந்ததும் 2016-லிருந்து 2020 வரையான பழைய வினாத்தாள்களை நானே கடையில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வருடங்களில் நீட் இதே 180 கேள்வி, மூன்று மணி நேரம்தான். முதல் தாளை எழுதினபோது இயற்பியலின் கடைசிப் பக்கங்களை அவளால் தொடவே முடியவில்லை. உங்கள் டெஸ்ட்டில் தவறாமல் முடிக்கிற பெண் அவள். இந்தப் பழைய தாள்கள் உங்களிடமும் இருக்கின்றன, ஆப்பில் முந்தைய ஆண்டு வினாக்கள் என்று தனிப்பகுதியே வைத்திருக்கிறீர்கள். அதிலிருந்து கேள்விகளை எடுத்துப் புது முறையில் பத்து டெஸ்ட் தயாரிப்பது உங்களைப் போன்ற நிறுவனத்துக்கு ஒரு வார வேலை. அறிவிப்பு வந்து இரண்டரை மாதம் ஆகிறது, செய்யவில்லை.

அடுத்தது பாடத்திட்டம். 2023 நவம்பரிலேயே தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தைக் குறைத்துவிட்டது, 2024 தேர்வே அதன்படிதான் நடந்தது. வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், ஹைட்ரஜன், பாலிமர்கள் போய்விட்டன. உயிரியலில் செரித்தலும் உட்கிரகித்தலும், தாவரங்களில் கடத்து முறைகள், கனிம ஊட்டம் போய்விட்டன. நாங்கள் பணம் கட்டியது 2024 ஜூனில், அதாவது குறைத்து அரை வருடம் கழித்து. ஆனால் உங்கள் வகுப்பு அட்டவணையில் இவை எல்லாம் இருந்தன, அதில் டெஸ்ட்டும் வந்தது, அந்த டெஸ்ட்டை எழுதினால்தான் அடுத்த பாடத்தின் வீடியோ திறக்கும் என்று பூட்டு வேறு போட்டிருந்தீர்கள். இந்தப் பாடங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ பொதுத்தேர்வுகளுக்கு வேண்டியவைதானே என்று உங்கள் ஆட்கள் சொல்லக்கூடும். வேண்டியவைதான், அதை அவள் அரசுப் பள்ளியில் டீச்சரிடம் நன்றாகவே படித்துவிட்டாள். உங்களுக்குப் பணம் கட்டியது நீட்டுக்கு.

ஆன்சர் கீ பற்றியும் சொல்ல வேண்டும். மனிதனுக்கு மூளை நரம்புகள் எத்தனை ஜோடி என்ற கேள்விக்கு உங்கள் விடை 31. அது தண்டுவட நரம்புகளின் எண்ணிக்கை, மூளை நரம்புகள் 12 ஜோடி, அவள் 12 என்றுதான் போட்டிருந்தாள். சீரான வேகத்தில் வட்டப்பாதையில் சுற்றும் பொருளின் மீது மையநோக்கு விசை செய்யும் வேலை சுழி. விசையும் நகர்வும் செங்குத்தாக இருக்கும்போது வேலை ஏது? உங்கள் கீ விசையைச் சுற்றளவால் பெருக்கி வைத்திருக்கிறது. சரியான விடைக்கு 4 கூட்டாமல் 1 கழித்தால் ஒரு கேள்வியிலேயே 5 மதிப்பெண் வித்தியாசம். இப்படி ஒரு டெஸ்ட்டில் நாலைந்து வந்தால் பிள்ளை தன் படிப்பையே சந்தேகப்பட ஆரம்பிக்கிறாள், சரியாகப் படித்ததையும் மாற்றிப் படிக்கிறாள். பிழை என்று ரிப்போர்ட் பட்டனை அழுத்தினால் "நன்றி, பரிசீலிக்கிறோம்" என்று வருகிறது. மேலே சொன்ன இரண்டும் இன்றுவரை அப்படியேதான் இருக்கின்றன, இதை எழுதுவதற்கு முன்னால் திறந்து பார்த்துவிட்டேன்.

தமிழ் வழி மாணவர்களுக்கு ஏற்றது என்று சொல்லி விற்றீர்கள். தமிழைத் தேர்ந்தெடுப்பவருக்கு நீட் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும், தமிழில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதுதான் இறுதி என்பது விதி. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி, பிறகு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த கதை தமிழ்நாட்டில் நீட் எழுதுகிற வீடுகளுக்குத் தெரியும். அதனால் தமிழ் வழிப் பிள்ளை கட்டாயம் பழக வேண்டியது, தமிழில் படித்துக்கொண்டே சந்தேகம் வருகிற இடத்தில் சட்டென்று ஆங்கிலத்தையும் ஒரு பார்வை பார்க்கிற பழக்கம். உங்கள் ஆப்பில் இரண்டில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய முடியும். நடுவில் மாற்றினால் டெஸ்ட் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

அப்புறம் அந்த ஆஃப்லைன் வாக்குறுதி. பணம் கட்டும் முன்பே தெளிவாகக் கேட்டேன், எங்கள் ஊரில் டவர் சரியாகக் கிடைக்காது, மழைக்காலத்தில் கரண்ட்டும் போய்விடும், ஆப் வேலை செய்யுமா என்று. டவுன்லோட் செய்துகொண்டால் போதும் என்றார்கள். வீடியோவுக்கு அது உண்மை. டெஸ்ட்டுக்கு இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து எழுதிவிட்டு சமர்ப்பிக்கும்போது நெட் இல்லை என்றால் எழுதியது மொத்தமும் அழிந்து 0 என்று காட்டுகிறது. அம்மா காபித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போகிற மாதங்களில் வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு, விடியற்காலையில் எழுந்து டெஸ்ட் எழுதுகிறவளுக்கு அந்த 0 என்ன செய்யும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

போன் திரையில் தொட்டுத் தொட்டுப் பழகுவது மட்டும் போதாது என்றுதான் ஓ.எம்.ஆர். தாளோடு வரும் அச்சுப் புத்தகத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன். நீட் இன்னும் பேனாவும் தாளும்தான். போனில் விடையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், பால்பாயின்ட் பேனாவால் நிரப்பின வட்டத்தை மாற்ற முடியாது. எண் மாறி அடுத்த வரிசையில் நிரப்பிவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே தப்பாகும். இது தாளில் எழுதி எழுதித்தான் வரும். ஆகஸ்டில் வரும் என்றீர்கள், பொங்கலுக்குள் வரும் என்றீர்கள், இப்போது ஸ்டாக் இல்லை என்கிறீர்கள்.

எனக்கு இருப்பதிலேயே பெரிய வருத்தம் எது என்றால், இரவு பத்து மணிக்கு மேல் நீங்கள் அனுப்பும் நோட்டிபிகேஷன்கள். "உன்னோடு சேர்ந்தவர்கள் உன்னைத் தாண்டிவிட்டார்கள்", "இந்த மார்க்கில் சீட் கிடைக்காது", "இன்று நீ ஒரு டெஸ்ட்கூட எழுதவில்லை". பொதுத்தேர்வு நடந்த மார்ச் மாதத்தில்கூட இது நிற்கவில்லை. காலையில் வேதியியல் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கு முந்தின இரவு உத்தேச ரேங்க் அனுப்புகிறீர்கள், அதுவும் பழைய முறை டெஸ்ட்டையும் தப்பான கீயையும் வைத்துப் போட்ட ரேங்க். இந்தத் தேர்வின் பயத்தில் தமிழ்நாட்டில் பிள்ளைகள் உயிரை விட்டிருக்கிறார்கள். அது உங்களுக்கும் தெரியும். விளம்பரம் செய்கிற கம்பெனி என்ற முறையில் இல்லாவிட்டாலும் பெரியவர்கள் என்ற முறையிலாவது இதை இன்றைக்கே நிறுத்துங்கள், அவளுக்கு மட்டும் இல்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும்.

அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பதால்தான் எங்கள் வீட்டில் டாக்டர் படிப்பைப் பற்றிப் பேசவே தைரியம் வந்தது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைக்க வேண்டும், படித்துவிட்டு மலையிலேயே வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த ஒதுக்கீட்டிலும் ரேங்க் நீட் மார்க்கை வைத்துத்தான். நாலு மார்க்கில், ஐந்து மார்க்கில் கல்லூரியே கைவிட்டுப் போகும். உங்கள் ஒவ்வொரு பிழையும் அந்த நாலைந்து மார்க்கில்தான் கை வைக்கிறது.

பணக் கணக்கு இது. மொத்தம் 22,000 ரூபாய், 4,000 முன்பணம், மீதி மாதம் 1,500 வீதம் 12 தவணை. மாதக் கட்டணம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள், பிறகுதான் தெரிந்தது அது என் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் போட்ட கடன் என்று. ஜூலையிலிருந்து ஒவ்வொரு 5-ஆம் தேதியும் என் கணக்கில் எடுக்கிறார்கள். உங்கள் பில்லிலேயே டெஸ்ட் சீரிஸுக்கு 7,000, அச்சுப் புத்தகத்துக்கு 2,500 என்று பிரித்துப் போட்டிருக்கிறது.

ஏப்ரல் 17-க்குள் புது முறையில், 180 கேள்வி 180 நிமிடம், நீக்கிய பாடங்கள் இல்லாமல், தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற மாதிரி குறைந்தது ஐந்து முழு டெஸ்ட்டாவது பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். பிரிண்ட் நான் எடுத்துக்கொள்கிறேன், ஓ.எம்.ஆர். தாளும் நானே பார்த்துக்கொள்கிறேன். விடைகளை ஒரு ஆசிரியர் சரிபார்த்து அனுப்ப வேண்டும். டெஸ்ட் சீரிஸுக்கும் வராத புத்தகத்துக்குமான 9,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், மே, ஜூன் தவணைகளை ரத்து செய்யச் சொல்லி அந்த நிதி நிறுவனத்துக்கு நீங்களே எழுதுங்கள். வீடியோ வகுப்புகளுக்கான பணத்தை நான் கேட்கவில்லை. உங்கள் விலங்கியல் ஆசிரியை நடத்தும் பாடம் அருமை, தங்கச்சி அவர்களைப் பற்றி எப்போதும் நல்லதாகத்தான் சொல்வாள், அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

17-ஆம் தேதிக்குள் பதில் வரவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன், சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு கொடுப்பேன். 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம்கூட இல்லை. பயிற்சி நிறுவனங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளையும் படித்துவிட்டேன். பில், டெஸ்ட்டுகளின் ஸ்கிரீன் ஷாட், உங்கள் ஆட்களோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

தங்கச்சியின் எண்ணுக்கு யாரும் அழைக்க வேண்டாம், மே 4 வரை அவள் படிக்கட்டும். பதிலை எழுத்தில், இந்த மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மாணவியின் அண்ணன்
நாகலூர், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்